இளையோர் நாவல் வாங்கும்போது: அட்டையைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்றும் சுருக்கமாக 'ஒய்ஏ' என்றும் விற்கப்படும் நாவல்கள் 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்காக வெளியிடப்படுபவை. வாங்குகிறவர்களோ எல்லா வயதிலும் இருக்கிறார்கள். அதில் வியப்பில்லை. பெரும்பாலான கதைகள் 60,000 முதல் 90,000 சொற்களுக்குள் முடிந்துவிடும். 'நான்' என்று பேசும் ஒரு குரல், பத்துப் பக்கத்துக்குள் தொடங்கிவிடும் வம்பு. வேலை முடிந்து அசதியோடு உட்காருகிறவருக்கும், ஆங்கில நாவல் ஒன்றையாவது முழுசாக முடித்துவிட வேண்டும் என்று நினைக்கும் கல்லூரி மாணவிக்கும் தோதான வகை இது.

சிக்கல் வாங்குவதில்தான். வயது தப்பும், தொடரின் வரிசை தப்பும், நாவலுக்குப் பதில் அதன் சுருக்கம் வந்து சேரும், நடைபாதையில் கள்ளப் பதிப்பு மாட்டும். அட்டையை மட்டும் பார்த்தால் இவை எதுவும் தெரியாது. பின்னட்டை, பதிப்புரிமைப் பக்கம், முதல் அத்தியாயம் ஆகிய மூன்றையும் புரட்டினால் அநேகமாக எல்லாமே தெரிந்துவிடும்.

யாருக்கான புத்தகம்?

ஒய்ஏ-வுக்குக் கீழே 'மிடில் கிரேடு' இருக்கிறது, 8 முதல் 12 வயதுக்கு. மேலே 'நியூ அடல்ட்' இருக்கிறது, 18-க்கு மேல். கடைகளில் இந்த மூன்றும் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். இப்போது அதிகம் ஏமாற வைப்பது மேல் வகைதான். பளிச்சென்ற மஞ்சள், ரோஸ் பின்னணியில் கார்ட்டூன் போல வரைந்த ஒரு ஆணும் பெண்ணும் என்று அட்டை போட்ட காதல் கதைகளில் பெரும்பகுதி பெரியவர்களுக்கானது. படுக்கையறைக் காட்சிகள் விரிவாகவே இருக்கும். அட்டையின் அழகைப் பார்த்து 13 வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு விழிப்பவர்கள் குறைவில்லை.

முதலில் பின்னட்டையைப் படியுங்கள். நாயகிக்கு 16 வயது, பள்ளிக்கூடம், வீட்டில் தகராறு என்றால் ஒய்ஏ. நாயகிக்கு 27 வயது, வேலை போய்விட்டது, பழைய காதலன் அதே ஆபீசில் என்றால் அது பெரியவர்கள் நாவல். அமெரிக்கப் பதிப்புகள் சிலவற்றில் பின்னட்டையிலோ மேலுறையின் உள்மடிப்பிலோ '12+' அல்லது '14+' என்று வயதைப் போட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் பதிப்புகளில் பார்கோடு பக்கத்தில் பொடி எழுத்தில் 'சிறுவர்களுக்கு ஏற்றதல்ல' என்ற பொருளில் ஒரு வரி இருக்கலாம். சின்ன எழுத்து என்பதால் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இன்னும் உறுதியான அடையாளம் வேண்டுமென்றால் அமெரிக்கப் பதிப்பின் பதிப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் வகைப்பாட்டு எண் பல புத்தகங்களில் அங்கே அச்சாகியிருக்கும். அது 'பிஇஸட்7' என்று தொடங்கினால், அல்லது சதுர அடைப்புக்குள் 'ஃபிக்' என்று இருந்தால், சிறுவர், இளையோர் பிரிவில் வெளியான கதை. 'பிஎஸ்' என்று தொடங்கினால் பெரியவர்களுக்கான அமெரிக்க இலக்கியம். கடைக்காரர் எந்த அலமாரியில் வைத்திருந்தாலும் இந்த எழுத்துகள் மாறாது.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது ஒரு கணக்கு: தங்களைவிட ஓரிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் அவர்களுக்குப் பிடிக்கும். 14 வயதுக்காரரிடம் 12 வயது நாயகன் உள்ள கதையைக் கொடுத்தால் 'சின்னப் பசங்க புக்' என்று தள்ளிவிடுவார். 15, 16 வயது நாயகன் சரியாக இருக்கும். 'உனக்கு என்ன புக் வேணும்?' என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. 'கடைசியா முழுசா படிச்சு முடிச்சது எது?' என்று கேளுங்கள், அதற்குப் பதில் வரும்.

உள்ளடக்கம் பற்றிய கவலை நியாயமானதுதான். தற்கொலை, வீட்டு வன்முறை, போதை எல்லாவற்றையும் இந்த நாவல்கள் நேராகவே பேசும். தடை போடுவதைவிட, முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்குவது மேல். 'காமன் சென்ஸ் மீடியா' என்ற அமெரிக்க இணையதளம் வன்முறை, கெட்ட வார்த்தை, பாலுறவு என்று தனித்தனியாகப் பிரித்து வயது வாரியாகக் குறிப்புத் தருகிறது. அவர்கள் அளவுகோல் அமெரிக்கக் குடும்பத்துக்கானது. காதல் விஷயத்தில் நம் வீடுகளைவிடத் தாராளமாகவும் துப்பாக்கி விஷயத்தில் கறாராகவும் இருப்பார்கள்.

மொழி ஒத்துவருமா?

முதல் இரண்டு பக்கம் படியுங்கள். பிறகு நடுவில் உரையாடல் இல்லாத ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்குங்கள். ஒரு கை முழுக்க மடங்கிவிட்டால் இப்போதைக்கு அந்தப் புத்தகம் வேண்டாம். இரண்டு மூன்று விரல் என்றால் அகராதி இல்லாமலே போகலாம்.

'லெக்ஸைல்' என்றொரு எண்ணைச் சில தளங்கள் காட்டும். வாக்கிய நீளத்தையும், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை என்பதையும் வைத்துப் போடும் எண் அது. கதையின் கனத்தை அது அளப்பதில்லை. 2008-இல் வந்த 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலுக்கு லெக்ஸைல் 810. வாக்கியங்கள் குட்டி குட்டியாக இருப்பதால் எண் குறைவு. ஆனால் கதை, அரசாங்க உத்தரவின்படி பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் போட்டி. ஆகவே மொழி எளிதா என்று பார்க்க மட்டும் அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் இதுதான் முதல் நாவல் என்றால் வசனகவிதையில் எழுதிய நாவல் ஒன்றைத் தேடுங்கள். ஒய்ஏ-வில் இந்த வகை நிறைய. 300 பக்கம் இருக்கும், ஆனால் பக்கத்தில் பாதி வெற்றிடம். இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும். கனத்த ஒரு புத்தகத்தை முடித்த தெம்பு கிடைக்கும். அதே சமயம் பண்டைய கதைகளைத் தழுவிய மாயாஜால நாவல்களை முதலில் தொடாதீர்கள். முதல் ஐம்பது பக்கமும் ஊர்ப்பெயர், குலப்பெயர், மந்திரப்பெயர் என்றே ஓடும். அகராதியிலும் கிடைக்காது.

விருது முத்திரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரின்ட்ஸ் விருது 2000 முதல் வழங்கப்படுகிறது. அது இலக்கியத் தரத்துக்கு, விறுவிறுப்புக்கு அல்ல. அந்த வட்ட முத்திரையுள்ள நாவல்களில் நிதானமாக நகர்பவையும் உண்டு. அதே சங்கம் தரும் அலெக்ஸ் விருது வேறு வகை: பெரியவர்களுக்காக எழுதப்பட்டு, பதின்வயதினருக்கும் பிடிக்கக்கூடிய பத்துப் புத்தகங்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறார்கள். 17 வயதுக்காரருக்கு 'இனி என்ன படிப்பது' என்ற கேள்வி வரும்போது அந்தப் பட்டியல் கைகொடுக்கும்.

தொடர் என்றால் வரிசை

பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைப்பது எப்போதும் இரண்டாம் பாகம்தான். முதல் பாகத்தை நண்பர்கள் வாங்கிப் போயிருப்பார்கள், மூன்றாவதை வாங்கியவர் விற்க மாட்டார். இரண்டாம் பாகத்தின் பின்னட்டையே முதல் பாகத்தின் முடிவைப் போட்டு உடைத்துவிடும். எனவே முன்பக்கங்களில் 'இதே ஆசிரியரின் பிற நூல்கள்' என்ற பட்டியலைப் பார்த்துவிட்டுப் பின்னட்டைக்குப் போங்கள். 1.5, 2.5 என்று எண்ணிட்ட குறுநாவல்கள் இருக்கும். அவை இல்லாவிட்டாலும் கதை புரியும்.

மூன்று பாகமும் ஒன்றாக வாங்குவதா, ஒவ்வொன்றாகவா? முதல் பாகத்தை மட்டும் வாங்குவதே எங்கள் பரிந்துரை. பாக்ஸ் செட்டில் தள்ளுபடி உண்டு, ஆனால் பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் உள்ளே பிரித்துப் பார்க்க முடியாது. முதல் பாகம் பிடிக்காவிட்டால் மூன்றும் தூசி பிடிக்கும். ஒவ்வொன்றாக வாங்குவதிலும் ஒரு தொல்லை இருக்கிறது: தொடர் நடுவில் இருக்கும்போதே பதிப்பகம் அட்டையை மாற்றும், படம் வந்தால் நடிகர் முகம் அட்டையில் ஏறும். அலமாரியில் மூன்றும் ஒரே மாதிரி நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் மூன்றின் ஐஎஸ்பிஎன் எண்களையும் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்) ஒரே பதிப்புக்கு உரியவையா என்று முன்பே பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பிரிட்டிஷ் பேப்பர்பேக் பெரும்பாலும் 129 × 198 மி.மீ. அமெரிக்கப் பேப்பர்பேக் அதிலிருந்து அளவு மாறும், பக்கத்தில் வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும்.

புது நாவல் முதலில் கெட்டி அட்டையில் வரும். ஏறக்குறைய ஓராண்டு கழித்துப் பேப்பர்பேக் வரும். பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

இணையத்தில் வாங்கும்போது

மூன்று பொறிகள். ஒன்று, பிரபலமான நாவலின் பெயரைத் தேடினால் அதன் 'சம்மரி', 'ஸ்டடி கைடு' முதலியவையும் வந்து நிற்கும். அட்டையும் கிட்டத்தட்ட அசல் போலவே இருக்கும். பக்க எண்ணிக்கையைப் பாருங்கள்: ஒய்ஏ நாவல் 250 முதல் 450 பக்கம். 60 பக்கம் என்றால் அது நாவல் அல்ல. இரண்டு, அதே பெயரில் 'கிராஃபிக் நாவல்', அதாவது படக்கதை வடிவம் இருக்கலாம். விளக்கக் குறிப்பில் ஓவியர் பெயர் தனியாக இருந்தால் அதுதான். மூன்று, சுருக்கப் பதிப்பு. 'அப்ரிட்ஜ்டு' என்ற சொல் தலைப்பில் இல்லாமல் கீழே விவரத்தில் ஒளிந்திருக்கும்.

கிண்டிலில் மாதிரி இலவசம், சுமார் பத்தில் ஒரு பங்கு. 300 பக்க நாவலில் 30 பக்கம் என்பது பிடிக்கிறதா இல்லையா என்று முடிவெடுக்கப் போதும். அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்பவர்களும் மாதிரியைப் படித்துவிட்டு ஆர்டர் போடலாம்.

நடைபாதையில் ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை, சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம், கோவையில் உக்கடம் ஆகியவை பழைய புத்தகத்துக்குப் பேர்போன இடங்கள். நல்ல பழைய புத்தகத்தோடு கள்ள அச்சும் கலந்து கிடக்கும். நன்றாக விற்கும் ஒய்ஏ நாவல்கள்தான் அதிகம் திருடப்படுபவை. 'அண்ணே, இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா?' என்று நேராகவே கேளுங்கள். பலர் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள், விலையும் அதற்கேற்ப மாறும்.

சொல்லாவிட்டால் கையில் எடுத்துப் பாருங்கள். தடவினால் அசலின் அட்டையில் தலைப்பு எழுத்து மேடாகத் தட்டுப்படும், அல்லது தங்கத் தாள் பளபளக்கும். கள்ள அச்சில் அதையே புகைப்படம் எடுத்துத் தட்டையாக அடித்திருப்பார்கள். உள்ளே ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். ஸ்கேன் செய்து அடித்ததானால் ஆங்கில 'இ', 'ஏ' எழுத்துகளின் உள்வெளி மையால் அடைந்திருக்கும், வரிகள் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், பின்பக்க எழுத்து முன்னே தெரியும். வலது பக்க ஓரமும் இடது பக்க ஓரமும் சமமாக இருக்காது. நடுமடிப்பில் வரி முதுகுக்குள் போய் மறைந்திருந்தால் பேசவே வேண்டாம், வைத்துவிடுங்கள். ஆசிரியர் படம் கரிப்புகை படிந்த மாதிரி இருக்கும்.

ஐஎஸ்பிஎன் சரியாக இருக்கிறதே என்று நம்பக் கூடாது. அசலைப் பிரதியெடுக்கும்போது எண்ணும் சேர்ந்தே வந்துவிடும். விலைதான் நல்ல துப்பு: உறை பிரிக்காத புதுப் புத்தகம், அட்டையில் ரூ. 499, கேட்பது ரூ. 150 என்றால் விஷயம் வேறு. தர்மம் ஒருபுறம் இருக்கட்டும், கள்ள அச்சில் பக்கங்கள் விடுபட்டுப் போவது சாதாரணம். மர்மக் கதையில் கடைசி அத்தியாயம் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

அசலிலும் பைண்டிங் கோளாறு வரும். புத்தகம் தனித்தனித் தாளாக அச்சாவதில்லை. 16 அல்லது 32 பக்கம் கொண்ட ஃபாரம் ஃபாரமாக அச்சாகி மடிக்கப்படுகிறது. அடுக்கும்போது ஒரு ஃபாரம் விட்டுப்போகலாம், அல்லது ஒன்றே இரண்டு தரம் வந்துவிடலாம். அதனால் 16, 32, 48, 64 என்று தாவித் தாவிப் பக்க எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் முழுப் புத்தகத்தையும் சோதித்துவிடலாம். புதுப் புத்தகத்தில் இந்தக் கோளாறு என்றால் பில்லோடு போனால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

கிலோ கணக்கில் விற்கும் கண்காட்சிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பழைய புத்தகங்கள் வருகின்றன. அங்கே எடைதான் பணம். 350 பக்கப் பேப்பர்பேக் கால் கிலோவை ஒட்டி இருக்கும், கெட்டி அட்டை அரைக் கிலோ. ஆகவே கிலோ விற்பனையில் பேப்பர்பேக் எடுங்கள், பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று விற்கும் இடத்தில் கெட்டி அட்டையை எடுங்கள். 'டிஸ்கார்டட்', 'வித்டிரான்' என்ற நூலக முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம். திருட்டுப் புத்தகம் அல்ல, நூலகம் கழித்துக் கட்டியது. தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதால் இவை பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும்.

தமிழில்

தமிழில் 'இளையோர் நாவல்' என்று தனி அலமாரி வைக்கும் கடை அரிது. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி ஆண்டுதோறும் நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சிதான் (முதல் காட்சி 1977-இல் நடந்தது) மொத்தமாகப் பார்க்க வாய்ப்பான இடம். பத்து சதவீதக் கழிவு வழக்கம். பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ட்ரன்' அரங்கில் கேட்டால் பதின்வயதினருக்கென்றே 'ஓங்கில் கூட்டம்' என்ற குழு கொண்டுவரும் சிறு நூல்களை எடுத்துத் தருவார்கள். மெலிசான புத்தகங்கள், ஒரே அமர்வில் முடியும். சிறார் பிரிவில் வண்ணப் படத்தோடு இருப்பவற்றை 14 வயதுக்காரர் தொட மாட்டார், அந்தப் பக்கம் அழைத்துப் போகாதீர்கள்.

தமிழ்நாட்டுப் பதின்வயதினர் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருவது கல்கியைத்தான். 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமையானதால் எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம், அச்சிடுகிறார்கள். விலை குறைந்த பதிப்புகளில் எழுத்து பொடியாகவும் தாள் சாணித்தாள் போலவும் இருக்கும். ஐந்து பாகமும் ஒரே தொகுதியாக வருவது 2,000 பக்கத்துக்குக் குறையாது. படுத்துக்கொண்டு படிக்க முடியாது, முதுகுப் பசையும் சீக்கிரம் விடும். ஐந்து தனித்தனிப் பாகமாகவே வாங்குங்கள். 'சுருக்கம்' என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பு என்றால் பதிப்புரிமைப் பக்கத்தில் மூல நூலின் பெயரும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் யோசியுங்கள்.

படிக்கும்போது

75,000 சொல் கொண்ட நாவல், நிமிடத்துக்கு 200 சொல் வேகம் என்றால் 375 நிமிடம். நாளுக்கு அரைமணி நேரம் ஒதுக்கினால் பதின்மூன்று நாளில் முடியும். இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம், நடுவில் நான்கு நாள் இடைவெளி விட்டால் ஒய்ஏ நாவலின் ஓட்டம் அறுந்துவிடும். வாரக்கடைசியில் மூன்று மணி நேரம் என்பதைவிடத் தினமும் அரைமணி நேரம் இந்த வகைக்குப் பொருந்தும்.

தெரியாத சொல்லை உடனே தேடாதீர்கள். பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். அதே சொல் மூன்றாவது தரம் வந்தால் தேடலாம். பேச்சுவழக்குச் சொற்கள் அகராதியில் கிடைக்காமலும் போகும், விட்டுவிடுங்கள். மின்-வாசிப்பான் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லைத் தொட்டாலே பொருள் வந்துவிடும் என்பதால், ஆங்கிலத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம்.

பிடிக்காத புத்தகத்தை எப்போது மூடுவது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு எளியது: 50 பக்கம் படித்துப் பார், பிடிக்காவிட்டால் விடு. 50 வயதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து தங்கள் வயதைக் கழித்து, மீதி வரும் பக்கம் படித்தால் போதும். 70 வயதுக்காரருக்கு 30 பக்கம்தான். ஒய்ஏ-வில் ஐம்பது கூட அதிகம் என்பது எங்கள் கட்சி. நாயகியின் குரல் முப்பதாம் பக்கத்தில் எரிச்சல் தந்தால் முந்நூறாம் பக்கத்திலும் அதே குரல்தான் பேசிக்கொண்டிருக்கும்.

பழைய புத்தகம் வீட்டுக்கு வந்ததும் மற்றவற்றோடு அடுக்காதீர்கள். முதுகு இடுக்கிலும் அட்டையின் உள்பக்கத்திலும் ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் காற்றுப் புகாத ஜிப் உறையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்கக் கூடாது, ஈரம் கோத்து அட்டை நெளிந்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின், அதாவது மறுநாள் காலையில், பிரிக்கலாம்.